நெரெய்தா எழுதிய ஒரே ஒரு ஹிட்

எங்கள் ஊரில் பியூட்டி பார்லர்கள் இரண்டு. ஒன்று நெரெய்தாவுடையது, எதிர்ச்சாரியில் இருப்பது மிரெல்யாவுடையது. யார் முடியை நன்றாகப் படிய வைக்கிறார்கள் என்று பார்த்து இங்கே எந்தப் பெண்ணும் பார்லருக்குப் போவதில்லை. மகன் எப்படிப் பந்து பிடிக்கிறான் என்று பார்த்துத்தான் போகிறாள்.

காரணம், பையன்களின் பேஸ்பால் லீகில் பதினோரு வருடமாக ஸ்கோர் எழுதுவது நெரெய்தா. பந்தை அடித்தவன் ஓடிப்போய் முதல் பேஸ் என்ற முதல் நிலையை எட்டிவிட்டால், அது அவன் சாமர்த்தியமா, பிடிக்க வேண்டியவனின் சொதப்பலா என்று முடிவு செய்ய வேண்டியது அவர்தான். சாமர்த்தியம் என்றால் ஹிட். சொதப்பல் என்றால் எரர். ஞாயிற்றுக்கிழமை ஒரு பையன் பேரில் எரர் விழுந்தால், அந்த வாரமே அவன் அம்மா மிரெல்யாவின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். நெரெய்தா தன் தங்கை மகனுக்கே ஒரே ஆட்டத்தில் மூன்று எரர் எழுதினார். தங்கை கிறிஸ்துமஸுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். நெரெய்தாவுக்கு அதில் வருத்தம் உண்டு. நான்காவதைக் கவனிக்காமல் விட்டுவிட்டோமோ என்று.

இப்படியாக வாடிக்கை உதிர்ந்து உதிர்ந்து, மிஞ்சியது பிட்சர்களின், அதாவது பந்து வீசும் பையன்களின் அம்மாக்கள்; பிடிப்பவன் பேரில் எரர் விழுந்தால் வீசியவன் கணக்கில் ஹிட் ஏறாதே. அவர்களில் முக்கியமானவர் யுதெல்கா. மகன் ஜோவானியேலுக்கு நெரெய்தாதான் ஞானத்தாய். மகளுக்கு அந்தச் சனிக்கிழமை பதினைந்து வயது விழா. தோழிகளோடு சேர்த்துப் பதினான்கு தலைகள். அந்தப் பதினான்கை நம்பித்தான் நெரெய்தா பார்லரைத் திறந்து வைத்திருந்தார்.

அதற்கு முந்தைய ஞாயிறு ஜோவானியேல் பந்து வீசினான். கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், எதிரணி ஒரு ஹிட்கூட அடிக்கவில்லை. இன்னும் ஒருவனை வீழ்த்தினால் ஊர் சரித்திரத்தில் இடம். அடிக்க வந்தவன் மிரெல்யாவின் மகன் வில்கின். அந்த சீசன் முழுக்க மட்டையைத் தோளில் சுமந்து வந்து, சுமந்து திரும்பிப் போனவன்.

வில்கின் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினான். பந்து முதல் பேஸ் பக்கம் உருண்டது. அங்கே நின்ற குண்டுப் பையன் பேஸை விட்டு விலகி வந்து அதை எடுத்தான். இப்படி ஆனால் பிட்சர் ஓடிப்போய்க் காலியான பேஸில் நிற்க வேண்டும். ஜோவானியேல் நின்ற இடத்திலேயே இரண்டு கையையும் தூக்கி வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருந்தான். குண்டுப் பையன் எறிய ஆளில்லாமல் தானே ஓடினான். வில்கின் முன்னதாகவே போய்ச் சேர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

நெரெய்தா ஹிட் என்று எழுதினார். அடுத்தவன் அவுட், ஆட்டம் ஜெயம். ஆனால் கொண்டாட வேண்டியவர்கள் எல்லோரும் ஸ்கோர் மேசையைச் சூழ்ந்துவிட்டார்கள்.

எரர் என்று எழுதினால் ஹிட் பூஜ்யம்தான், சரித்திரமும் பிழைக்கும். ஆகவே, எரர் என்ற சொல்லைக் கேட்டாலே மண்டையை உடைக்க வரும் ஊர், அன்று எரருக்காகக் கெஞ்சியது. குண்டுப் பையனின் அப்பா தன் மகன் பேரில் போட்டுக்கொள்ளச் சொன்னார். அவன் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்றும் சாட்சி சொன்னார். மைதானத்தின் மறுபக்கம் நின்ற மூன்றாம் பேஸ் பையன் தானும் தயார் என்றான். காய்ச்சலென்று ஆட்டத்துக்கே வராத ஒரு பையனின் சித்தப்பாவும் வரிசையில் நின்றார்.

நெரெய்தா யாரையும் ஏற்கவில்லை. கை தவறினால் எரர். பிட்சர் பேஸுக்குப் போக மறந்தால் அது எரர் கணக்கில் வராது, விதி அப்படித்தான் இருக்கிறது என்றார்.

யுதெல்கா மேசையில் கையூன்றிக் குனிந்தார். "ஏன்க்கா, உங்க ஞானப்பிள்ளைக்கு எழுதுறீங்களா, எதுத்த கடைக்காரி பிள்ளைக்கு எழுதுறீங்களா?"

"நடந்தத எழுதுறேன். உம் பிள்ளை நடக்கல, அதையும் எழுதலாம்னா எடமில்ல."

மறுநாளே பதினான்கு தலைகளும் மிரெல்யாவின் பார்லருக்கு மாறின. நெரெய்தா அந்த வாரம் முழுக்கச் சீப்புகளைக் கழுவினார். கழுவியதையே மறுபடி கழுவினார். ஸ்கோர் நோட்டைத் திறந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தார், அழிரப்பரைத் தேடவில்லை.

சனிக்கிழமை காலை யுதெல்கா பெண்களோடு போனபோது மிரெல்யாவின் ஷட்டர் மூடியிருந்தது. வாசலில் அடுப்பு மூட்டி, அண்டாவில் சான்கோச்சோ என்ற இறைச்சிச் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. வில்கினின் வாழ்நாள் முதல் ஹிட்டுக்காகத் தெருவுக்கே விருந்து. மிரெல்யா கரண்டியோடு நிமிர்ந்தார். "இன்னைக்குக் கட லீவு யுதெல்கா. மன்னிச்சுக்கோ. உம் பிள்ளை அசையாம நின்ன புண்ணியத்துலதான் இந்த விருந்தே. ஒரு கிண்ணம் குடிச்சிட்டுப் போ."

வேறு வழியில்லை. தெருவைக் கடந்து எதிரே வந்தார்கள். யுதெல்கா சொல்ல வேண்டியதை மகள் மூலம் சொல்லியனுப்பினார். நெரெய்தாவும் மகள் மூலமே பதில் சொன்னார். இருவருக்கும் நடுவே இடைவெளி இரண்டு அடி.

பதினான்கு தலையும் முடிந்தபின் பதினைந்தாவதாக யுதெல்கா உட்கார்ந்தார். தலை நிறைய ரோலர்கள். மேலே டிரையர். இனி ஒரு மணி நேரம் எழுந்து ஓட முடியாது. நெரெய்தா கையைத் துடைத்துக்கொண்டு, விதிப் புத்தகத்தை எடுத்துவந்து, எதிரே ஸ்டூலைப் போட்டு, அந்தப் பத்தியை நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"டிரையர் சத்தத்துல ஒண்ணும் கேக்கல," என்றார் யுதெல்கா, ஆறு நாளில் முதல் தடவையாக நேரடியாக.

நெரெய்தா டிரையரை அணைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.