இரண்டு கை நிழல்

“சிலுவையின் முகத்துக்கு நேரே பத்தடி. ஆண் குழந்தை, எட்டு மாதம்.” தலைச்சோலைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் கல்லறைப் பதிவேட்டில், 1971-ஆம் ஆண்டுப் பக்கத்தில் உள்ள வரி இது. பேய்க்கதை சொல்கிறவர்களிடம் தேதி என்ன, கிழமை என்ன என்று கேட்டே அவர்கள் வாயை அடைத்தவன் நான். நீங்களும் என்னிடம் கேட்கலாம், குறித்து வைத்திருக்கிறேன்.

1988 மே 17, செவ்வாய்க்கிழமை, அந்தக் கல்லறைத் தோட்டத்தில் எழுத்துகளைப் படியெடுத்துக்கொண்டிருந்தேன். நடுவே வட்டம் கோத்த கருங்கல் சிலுவை. வேல்ஸ் நாட்டுத் துரை ஒருவர், தன் ஊர் மாதாகோயில் தோட்டத்தில் பல நூற்றாண்டுகளாக நிற்கும் சிலுவையைப் போலவே செதுக்கச் சொன்னாராம். எழுத்து இருக்கும் பக்கம்தான் முகம். எப்போதோ மரம் விழுந்ததில் சாய்ந்து, ஒரு கை முறிந்து, மிச்சமிருந்த ஒற்றைக் கையோடு மறுபடி நட்டது.

பதிவேட்டில் உள்ள அந்தக் குழந்தையின் தாய், காப்பி பறிக்கும் ஆரோக்கியம், அன்று காலை வந்தார். முந்தின நாள் இறந்த கணவர், குழந்தைக்குப் பக்கத்திலேயே தன்னை வைக்கச் சொல்லியிருந்தார். மூன்று மணிக்கு அடக்கம். குழந்தைக்குக் கல் இல்லை, தலைமாட்டில் அதன் எனாமல் டம்ளரைப் புதைத்ததோடு சரி. நான் முகத்துக்கு நேரே பத்தடி அளந்து கொடுத்தேன். குழி வெட்டும் வெள்ளையன், மலைக்காரர், தோண்டினார். பாறை. மறுபடி அளந்தேன்.

“சார் டேப்பு பாறைய ஒடைக்காதுங்க,” என்றார்.

பன்னிரண்டு பத்துக்கு மேகம் இறங்கிவிட்டது, வெயில் துளியும் இல்லை. நம்பினால் நம்புங்கள், அப்போதுதான் சிலுவையின் முதுகுப்பக்கம், மேற்கே, புல்மேல் அதன் நிழல் கன்னங்கரேலென்று நீண்டு கிடந்தது.

“ஏனுங்க சார், உங்களுக்கும் தெரியுதுங்களா?” என்றார் ஆரோக்கியம். பதிலுக்குக் காத்திராமல் போய் நிழலின் தலைப்பக்கம் உட்கார்ந்துவிட்டார். நான் டைரியில் அவசரமாக வரைந்துகொண்டேன். தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்ற வெள்ளையன், அந்தம்மாவுக்காக அங்கே ஓரமாக வெட்டிப் பார்த்தார். இரண்டடியில் டம்ளர் தட்டுப்பட்டது.

வெள்ளையன் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

“மரம் உளுந்தப்ப இந்தச் சிலுவைய நட்டது நாந்தானுங்க. எங்க சனங்க சமாதிக் கல்லெல்லாம் கெழக்க பாத்துத்தான் நிக்குமுங்க. இது மேக்க பாத்திருந்துச்சு. மின்ன நட்டவங்க தப்பா நட்டுட்டாங்கன்னு நெனச்சுத் திருப்பி வெச்சிட்டனுங்க.”

மூன்று மணிக்கு அடக்கம் நடந்தது, குழந்தைக்குப் பக்கத்திலேயே. டம்ளரை ஆரோக்கியம் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

சிலுவை திரும்பியதற்கு வெள்ளையனின் வாய்ச்சொல் போதும் எனக்கு. ஆனால் வீட்டுக்கு வந்து டைரியைத் திறந்தபோது, நான் வரைந்திருந்த நிழலுக்கு இரண்டு கைகளும் இருந்தன. கண்டபடிதான் வரைந்தேனா, கை பழக்கத்தில் முழுச் சிலுவையாக வரைந்துவிட்டதா? ஆரோக்கியத்திடம் இதுவரை கேட்கவில்லை. ஆகவே இது சரிபார்க்கப்படாத தகவல்.