பெயர் எழுதாத வெள்ளை வான்

பிள்ளைகளே, ‘லிவரி’ என்று ஒரு பழைய இங்கிலீஷ் சொல் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அதைச் சொன்னவர், நான் வேலை செய்யும் மன்னார் ஹோட்டலின் முதலாளி. லண்டனில் இருந்துவிட்டு வந்தவர். அந்தக் காலத்துப் பிரபுக்கள் வேலைக்காரருக்குக் கொடுத்த உடுப்பும் சாப்பாடும் லிவரியாம். குதிரைக்குப் போட்ட தீனியும் லிவரியாம். இப்போது பஸ்ஸுக்கு அடிக்கிற நிறத்தையும் அப்படித்தான் சொல்கிறார்களாம். இன்னாருடைய ஆள், இன்னாருடைய வண்டி என்று பார்த்தவுடன் தெரியவேண்டும். எனக்கு நீலச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தார். புது வானுக்கும் நீலம் அடித்துப் பெயர் எழுதுவதாக இருந்தது.

அதற்குள் அரிசி முடிந்துவிட்டது. வெள்ளை வானை அப்படியே எடுத்துக்கொண்டு முருங்கனுக்கு அப்பால் ஒரு கிராமத்துக்குப் போனேன். அரிசி தருகிற கமக்காரரின் வீட்டுப் படலை வாசலில் ஒரு சிறுமி நின்றாள். வானின் கறுப்புக் கண்ணாடியை இறக்கிக் கேட்டேன்.

“பிள்ளை, அப்பா வீட்டில நிக்கிறாரோ?”

அவள் ஓடிவிட்டாள். உள்ளே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. என்ன கேட்டுவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. நீங்கள் பிறக்கமுதல், யுத்த காலத்தில், பெயரில்லாத வெள்ளை வான்களில் வந்தவர்கள் இதையேதான் கேட்டார்கள். அவர்கள் கூட்டிக்கொண்டு போன பலர் திரும்பி வரவில்லை. வீட்டில் சொல்லக் கேட்டு அவளுக்கும் அது தெரிந்திருக்கும்.

வயலில் நின்றவர்கள் மண்வெட்டியோடு வந்து வானைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருவர் ஜன்னலுக்குள் கையை விட்டு வான் திறப்பைப் பிடுங்கினார். ஹோட்டல் பெயரைச் சொன்னேன். முதலாளிக்குப் போன் எடுத்தேன், கிடைக்கவில்லை.

“வானிலயும் பேரில்லை, சட்டையிலயும் பேரில்லை. நெத்தியிலயாவது எழுதியிருக்கோ?” என்றார் திறப்பைப் பிடுங்கியவர்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து சிறுமியின் பெரியம்மா வந்தார்.

“பின்கதவைத் திறவுங்கோ தம்பி. நான் ஒருக்காப் பாக்கவேணும்.”

திறந்தேன். வெறும் சாக்குகள்தான் கிடந்தன. அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். குனிந்து இருக்கைக்குக் கீழேயும் பார்த்தார். அவருடைய கணவரையும் அப்படியொரு வெள்ளை வானில்தான் கொண்டுபோனார்கள் என்று பிறகு ஊரார் சொன்னார்கள்.

“திறப்பைக் குடுங்கோ, அரிசிக்கு வந்த ஆள்தான்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அரிசியோடு மன்னாருக்கு வந்ததும் திறப்பை முதலாளியின் மேசையில் வைத்தேன். பெயர் எழுதும்வரை நான் ஓட்டமாட்டேன் என்றேன். வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. பெயர் எழுதும்வரை வான் நிற்கட்டும் என்று அவர் திறப்பை எடுத்து மேசைக்குள் வைத்தார். அடுத்த கிழமை அரிசியை நான் பஸ்ஸில்தான் ஏற்றி வந்தேன்.