றோட்டுக்குக் கொடுத்த நிலம்

உரும்பிராயில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் மதிலுக்கு வெளியே வரிசையாகக் கல்லுகள் நின்றன. கிணறு வெட்டும்போது வருகிற சுண்ணக்கல். ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் குந்தியிருக்கலாம். மதிலுக்கு வெள்ளை அடிக்கிற நேரம் வீட்டுக்காரர் அவற்றுக்கும் அடிப்பித்தார். மதிலுக்கும் தாருக்கும் இடையில் இருந்த மண்கரையின் நடுவில் அவை நின்றன. கல்லுக்கு அந்தப் பக்கமும் சைக்கிள் சில்லு போகாது, இந்தப் பக்கமும் போகாது. நடந்து வருகிறவர்களும் சைக்கிளில் வருகிறவர்களும் அந்த இடத்தில் தாரில் ஏறித்தான் ஆகவேண்டும். தாரில் பஸ் வரும்.

கார்ப்பெட் தார் போட்ட பிறகு எல்லாரும் நல்ல றோட்டு என்றார்கள். முந்தின றோட்டில் குழிகள் இருந்தன. குழிக்குப் பயந்து வாகனங்கள் ஊர்ந்தன. இப்போது குழியும் இல்லை, பயமும் இல்லை. தாரின் மேல் தார் போட்டு, அது கரையைவிட ஒரு சாண் உயர்ந்துவிட்டது. சைக்கிள் ஒருமுறை கீழே இறங்கினால் திரும்ப லேசில் ஏறாது. சில்லு விளிம்பில் உரசி ஆளைத் தாரில் தள்ளும். நான் பலமுறை விழுந்திருக்கிறேன். ஒருமுறை முன்பல் போனது. பல் போனால் கதைக்கும்போது காற்று வரும், மற்றப்படி ஒன்றுமில்லை.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன்பிறகு எந்த ஊரிலும் நிலையாக இருந்ததில்லை. புத்தளத்தில் உப்பு வாரினேன், தம்புள்ளையில் மரக்கறி மூட்டை தூக்கினேன், கொழும்பில் கட்டட வேலைக்குச் சீமெந்து சுமந்தேன். ஊர்களை நான் றோட்டுக்கரையால்தான் நினைவு வைத்திருக்கிறேன். நடக்கிறவனுக்குக் கரை விட்ட ஊர், விடாத ஊர். யாழ்ப்பாணம் விடாத ஊர். இங்கே கரைக்கு எப்போதும் ஒரு சொந்தக்காரன் இருக்கிறான்.

அந்த நாட்களில் கிடங்கு வெட்டுவதும் கல் உடைப்பதும் என் வேலை. கல் கிளப்புகிற நீள இரும்பு அலவாங்கைச் சைக்கிள் பாரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போவேன். அதே றோட்டால் தினமும் ஒருவன் மூன்று சில்லு வண்டியில் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் போவான். அங்கே அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்பான். இரண்டு காலும் முழங்காலுக்கு மேலே இல்லை. கையால் சுற்றி ஓட்டுகிற வண்டி. அவன் கால்களை எங்கே விட்டான் என்று நான் கேட்டதில்லை. நான் பள்ளிக்கூடத்தை ஏன் விட்டேன் என்று அவனும் கேட்டதில்லை. எங்களுக்கு ஒருவரையொருவர் பிடிக்காது. அவனுடைய வண்டி அகலம். முந்திப் போக இடமில்லாமல் நான் பின்னால் இழுபடுவேன்.

"என்னடாப்பா, பின்னாலை அலவாங்காலை குத்தப்போறியோ? தள்ளி வா," என்பான்.

"நீ கொஞ்சம் கெதியா உழக்கினால் நான் ஏன் உன்னட்டை முட்டப்போறன்?"

"ரெண்டு காலை இரவல் தா, உழக்கிறன்."

ஒரு நாள் காலை எங்கள் கல்லுகளுக்குக் கிட்ட அவன் தாரில் ஏறினான். நான் பின்னால் வந்தேன். அந்த நேரம் இரண்டு தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. முதல் பஸ் ஹோர்ன் அடித்த அடியில் அவன் வண்டியை இடப்பக்கம் ஒடித்தான். முன்சில்லு தாரிலிருந்து விழுந்து கல்லில் மோதியது. வண்டி புரண்டது. கொண்டக்டர் மிதிபலகையில் நின்றபடி அவனைத் தூஷணத்தால் ஏசிக்கொண்டு போனான். பஸ் நிற்கவில்லை.

சனம் கூடியது. மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் ஹெல்மெற்றைக் கழற்றாமலே கேட்டார்.

"உவர் ஏன் மெயின் றோட்டாலை வாறார்? உள்ளொழுங்கையாலை போகலாமே?"

கீழே கிடந்தவன் தலையை நிமிர்த்தினான். "ஒழுங்கை பஸ் ஸ்ராண்டுக்குப் போகுமோடா? உன்ரை கொப்பற்றை றோட்டெண்டால் சொல்லு, நான் பறந்து போறன்."

வீட்டுக்காரர் கேற்றைத் திறந்துகொண்டு வந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். முதலில் கல்லைப் பார்த்தார், பிறகுதான் ஆளைப் பார்த்தார். அவன் உள்ளங்கை கிழிந்து, கல்லின் வெள்ளையில் இரத்தம் பட்டிருந்தது.

"தம்பி, உள்ளை போய் ஒரு வாளி தண்ணி கொண்டு வாரும்," என்றார் என்னிடம்.

கொண்டு வந்தேன். வாளியை வாங்கி அவர் கல்லின் மேல் ஊற்றினார். கையால் தேய்த்தும் பார்த்தார்.

"ஐயா," என்றான் கிடந்தவன், "கல்லுக்கு அபிஷேகம் முடிஞ்சால் எனக்கும் கொஞ்சம் ஊத்துங்கோ."

சிரித்தவர்களும் இருந்தார்கள். நானும் இன்னொருவரும் அவனைத் தூக்கி ஓட்டோவில் இருத்தினோம். முன்சில்லு நெளிந்த வண்டியைச் சந்தியில் இருந்த சைக்கிள் கடையில் விடுவதாக அவனுக்குச் சொன்னேன்.

"சில்லை நிமித்தலாம், கல்லை ஆர் எடுக்கிறது?" என்றான். "உது நிக்குமட்டும் நான் இந்த றோட்டாலை வரேல்லை. வீட்டை கிடந்து சாகிறன். நீங்கள் எல்லாரும் சுகமாய் ஓடுங்கோ."

பின்னேரம் வீட்டுக்காரர் மரங்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றபோது கேட்டேன்.

"ஐயா, உந்தக் கல்லுகளை எடுத்தால் என்ன?"

"உது சும்மா கல்லில்லைத் தம்பி. உதிலைதான் எங்கடை பழைய மதில் நிண்டது. றோட்டை அகட்டேக்கை கேட்டாங்கள். ஒரு சொல்லுச் சொல்லாமல் மதிலை உள்ளுக்குத் தள்ளிக் கட்டினனான். எவ்வளவு விட்டனான் எண்டு நாளைக்கு நாலு பேருக்குத் தெரியவேணும்."

"விட்டால் விட்டதுதானே ஐயா? சனம் போகட்டுமன்."

"நான் குடுத்தது றோட்டுக்கு," என்றார். "போறவாற சனத்துக்கில்லை."

அடுத்த நாள் வேலைக்குப் போகும்போது றோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தபடி போனேன். மதிலை உள்ளே தள்ளிக் கட்டிய வீடுகள் எல்லாம் வெளியே ஏதோ ஒன்றை விட்டிருந்தன. ஒரு வீட்டில் குரோட்டன் செடி வரிசை. ஒரு வீட்டில் கேற்றிலிருந்து தார் வரைக்கும் சீமெந்துச் சரிவு. ஒரு வீட்டில் இரும்புக் கம்பி, இன்னொன்றில் உடைந்த ஆட்டுக்கல். வேலியில் நட்ட கதியால் தடி ஒரு விரல் நகர்ந்தால் பாதி ஆயுளை நீதிமன்றத்தில் கழிக்கிற ஊர் இது. றோட்டோடு வழக்காட முடியாததால் கல்லை வைத்தார்கள். கொடுத்த நிலத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. யாரும் விடவும் இல்லை.

பிரதேச சபைக் கந்தோருக்குப் போய்க் கல்லுகளைப் பற்றிச் சொன்னேன். றோட்டு தங்களுடையது இல்லை, வேறு கந்தோர் என்றார்கள். அங்கே போனால், தார் மட்டும்தான் தங்கள் பொறுப்பு, மண்கரை சபைக்குரியது என்றார்கள். இரண்டு கந்தோரிலும் மின்விசிறி நன்றாகச் சுழன்றது. அரைநாள் கூலி போனது.

ஒரு கிழமைக்கு மேல் அவனைக் காணவில்லை. பஸ் நிலையத்தில் அவன் இருக்கிற இடத்தில் ஒரு பெண் குடையோடு நின்று சீட்டு விற்றாள். சைக்கிள் கடையில் அவன் வண்டி சில்லு நிமிர்த்தி முடிந்து நின்றது.

"எடுக்க வரேல்லை," என்றான் கடைக்காரன். "சொல்லியும் விட்டிட்டன். நீயே வைச்சிரு எண்டிட்டான். இதை வைச்சு நான் என்ன, கிடந்து சுத்துறதே?"

அன்று மத்தியானம் வீட்டுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தி, அலவாங்கை அவிழ்த்தேன். முதல் கல் மண்ணில் ஆழமாக இறங்கியிருந்தது. கிளப்பிச் சுத்தியலால் அடித்தேன். சத்தத்துக்கு வீட்டுக்காரர் சாப்பாட்டுக் கையோடு ஓடிவந்தார்.

"என்ன செய்யிறீர்?"

"கல்லு உடைக்கிறன் ஐயா."

"ஆற்றை கல்லெண்டு தெரியுமே?"

"உங்கடை. ஒண்டும் கொண்டு போகேல்லை, உதிலைதான் போடுறன்."

"நில்லும்! பொலிசுக்கு அடிக்கிறன்."

"அடியுங்கோ. கரையிலை கல்லு வைச்சது ஆரெண்டுதான் முதல் கேப்பாங்கள்."

கையைக் கழுவி, ஃபோனை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். அடிக்கவில்லை. "உம்மைப் போல நாடோடிக்கு அறை குடுத்தனே, என்னைச் செருப்பாலை அடிக்கவேணும்," என்றார். நான் அடுத்த கல்லைக் கிளப்பினேன். "இண்டைக்கே வெளிக்கிடும்!"

"உடைச்சு முடிய வெளிக்கிடுறன்."

யாரும் கைகொடுக்கவில்லை. போகிற வாகனங்கள் ஹோர்ன் அடித்தன. ஒரு வான்காரன் "றோட்டை மறிக்காதை, விசரா!" என்று கத்தினான். முன்வீட்டு அம்மா குரோட்டன் செடிகளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கடை பக்கம் வந்திடாதையும்," என்றாள்.

உடைத்த கல்லைத் தாரின் விளிம்புக்குக் கீழே இருந்த பள்ளத்தில் நெருக்கிப் போட்டு, மண் தள்ளி மிதித்தேன். மதிலின் நீளத்துக்கு மட்டும் கரை தாருக்குச் சமமாக வந்தது. நாளைக்கு அவர் திரும்பப் பொறுக்கி வைப்பதற்கு அங்கே கல் என்று ஒன்று இல்லை. பாயையும் உடுப்புப் பையையும் காரியரில் கட்டிக்கொண்டு நான் வெளியே வந்தபோது, வீட்டுக்காரர் கரையில் நின்று பழைய மதில் இருந்த இடத்தைக் காலால் தேடிக்கொண்டிருந்தார்.

சைக்கிள் கடையில் வழி கேட்டுக்கொண்டு, நேரே சீட்டு விற்கிறவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் இருந்தான். கையில் இன்னும் கட்டு இருந்தது.

"கல்லு இல்லை. வண்டியை எடு," என்றேன்.

"எல்லா வீட்டிலையுமோ?"

"நான் இருந்த வீட்டிலை மட்டும்."

"இருந்த வீடோ?" என்று கேட்டு, காரியரில் இருந்த பாயைப் பார்த்தான்.

அன்று இரவு சைக்கிள் கடை விறாந்தையில் படுத்தேன். விடிந்ததும் அவன் ஓட்டோவில் வந்து வண்டியை எடுத்தான். யாழ்ப்பாணம் பக்கம் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டு நானும் வெளிக்கிட்டேன். அதே றோட்டால்தான் போகவேண்டும். இந்த முறை பாயையும் பையையும் பாரில் தொங்கவிட்டு, அலவாங்கைக் காரியரில் குறுக்காகக் கட்டியிருந்தேன். வலப்பக்கம் ஒரு முழத்துக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றது.

அந்த மதிலுக்கு முன்னால் அவன் தாரில் ஏறாமல் கரையாலேயே போனான். கையை நிறுத்தவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. மதில் முடிகிற இடத்தில் அடுத்த வீட்டுச் சீமெந்துச் சரிவு வந்தது.

"அங்கையும் ஒரு அறை வாடகைக்கு விடுவினமோ எண்டு கேளன்," என்றான் திரும்பாமல். "பஸ் ஸ்ராண்ட் போகுமட்டும் இன்னும் கன வீடு கிடக்கு."

தாரில் ஏறினான். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தது. நான் அவனுக்கு வலப்பக்கம் சைக்கிளை விட்டேன்.

"உதென்னடா, கொம்போ?" என்று கொண்டக்டர் கத்தினான்.

பெயின்ற் கீறுப்படும் என்று பயந்து பஸ் எங்களைச் சுற்றிப் போனது.