பூட்டம்மாவுக்கு விருது கொடுத்த நாள்

ஊரில் பாதிப் பேர் அவளை ஒருமுறையாவது மனசுக்குள் சபித்திருப்பார்கள். ஆறாவது மாடியில் வீடு, இரண்டு கையிலும் காய்கறிப் பை, வந்து நின்றால் லிஃப்ட் கதவில் பூட்டும் சிவப்புச் சீட்டும் தொங்கும். சீட்டின் அடியில் அவள் கையெழுத்து. முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து அவள் சம்பாதித்த பெயர் பூட்டம்மா. கட்டட ஒப்பந்தக்காரர்கள் வைத்த பெயர் அது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், கொஞ்ச நாளில் முகத்துக்கு நேரேயே சொல்ல ஆரம்பித்தார்கள். அவள் அதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. சமயத்தில் தொலைபேசியில் அவளே "பூட்டம்மா பேசறேன்" என்று சொல்லி எதிர்முனைக்காரரின் தூக்கத்தைக் கெடுப்பாள்.

ஓய்வு பெற்ற எட்டாவது மாதம், படித்த பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தொழிலில் பேர் எடுத்து, ஊருக்கும் உழைத்த பழைய மாணவர்களுக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் விருது. இந்தமுறை ஐந்து பேரில் அவளும் ஒருத்தி. அவள் கணவர் பஸ் டிரைவராக இருந்தவர், எதையும் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டுதான் நம்புவார். கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார்.

"உன்னைத் திட்டி வந்த லெட்டரைப் போட்டு வைக்க ஒரு பீரோ பத்தாது. பாராட்டி வந்தது இது ஒண்ணுதான். ஃபிரேம் போட்டுருவோம்" என்றார்.

அவள் சிரித்தாள். ஆனால் அன்று முழுக்க அந்தக் கடிதத்தை மேஜையிலிருந்து எடுத்து உள்ளே வைக்கவில்லை. போகிற வழியிலெல்லாம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டே போனாள்.

ஊருக்கு உழைத்தது என்று அவர்கள் எழுதியிருந்தது அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகளை. பராமரிக்க ஆள் வராத பழைய அடுக்குமாடிகளுக்கு டார்ச்சும் ஒரு காலி அட்டைப் பெட்டியுமாகப் போவாள். லிஃப்ட் கதவைப் பாதி திறந்து, பெட்டியை வாசலில் பாதி உள்ளே பாதி வெளியே வைத்து, கையை மட்டும் நீட்டிப் பொத்தானை அழுத்துவாள். கதவு திறந்திருந்தால் லிஃப்ட் அசையக் கூடாது. கதவில் இருக்கும் ஒரு சின்ன ஸ்விட்சின் வேலை அது. அசைந்தால் பெட்டி நசுங்கும். குடியிருக்கிற பெண்களைக் கூட்டி வைத்து இதைச் செய்ய வைத்து, "இது பெட்டி. அடுத்தது யாருன்னு நீங்களே யோசிச்சுக்குங்க" என்பாள். அதற்கு மேல் பிரசங்கம் கிடையாது. ஊரில் இன்றைக்கு நாற்பது கட்டடத்தில் பெண்கள் மாதாமாதம் பெட்டி வைத்துப் பார்க்கிறார்கள்.

விழா நாள் காலை ஒன்பதரைக்கே இருவரும் போய்விட்டார்கள். அரங்கம் நாலாவது மாடியில். கட்டடம் அவள் படித்த காலத்துக் கட்டடம்தான், லிஃப்ட்டும் அந்தக் காலத்ததுதான்: கையால் இழுத்துச் சாத்துகிற கம்பிக் கதவு. விழாவுக்காகக் கதவுக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வாசனை இன்னும் போகவில்லை. உள்ளே கண்ணாடி, தரையில் சிவப்பு விரிப்பு, மாப்பிள்ளை மாதிரி ஜோடித்திருந்தது.

எந்த லிஃப்ட்டில் ஏறினாலும் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. மகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் விடாத பழக்கம். கதவை ஒரு சாண் திறந்தே வைத்துப் பொத்தானை அழுத்திப் பார்ப்பாள். அன்றும் அழுத்தினாள்.

லிஃப்ட் கிளம்பிவிட்டது.

சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்து நிறுத்தினாள். அதற்குள் வாசல் தரை அரை அடி கீழே போயிருந்தது. கணவர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வந்த இடத்துலயுமா?" என்றார். அவள் அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். படிக்கட்டுக்குப் பக்கத்திலிருந்த மின் பெட்டியைத் திறந்து மெயின் ஸ்விட்சை இறக்கினாள்.

மெக்கானிக் ஓடி வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், அவளைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துகொண்டு, தப்பு செய்துவிட்டு வாத்தியாரிடம் மாட்டிய முகத்தோடு நின்றார். அவள் அதிகம் கேட்க வேண்டியிருக்கவில்லை. பெயின்ட் அடித்தவர் கதவோடு சேர்த்து ஸ்விட்சுக்கும் அடித்துவிட்டாராம். பெயின்ட் காய்ந்ததும் கதவைச் சாத்தினாலும் லிஃப்ட் நகரவில்லை. நேற்று சாயங்காலம் அது தெரிந்து, ஏதாவது செய் என்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் நெருக்கியிருக்கிறார். இவர் ஸ்விட்சை விட்டுவிட்டு ஒரு துண்டு வயரை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் கட்டிவிட்டிருக்கிறார். இப்போது கதவு சாத்தியிருக்கிறது என்றே லிஃப்ட் எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கும்.

அந்தச் செயலாளர் அவளுக்கு ஆறு வருஷம் இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். லிஃப்ட்டை அவள் நிறுத்திவிட்டதைக் கேட்டு ஓடி வந்தார். பட்டம் வாங்கி ஐம்பது வருஷமானவர்களுக்கும் அன்றைக்கே பாராட்டு. நாற்பது பேர், எல்லோருக்கும் எழுபது தாண்டியாயிற்று, பத்தரைக்கு பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். நாலு மாடி யார் ஏறுவார்?

"மூணே மணி நேரம்க்கா. அப்புறம் நீங்களே பூட்டுங்க, பூட்டு நான் வாங்கித் தர்றேன்."

"பூட்டற அதிகாரமெல்லாம் எட்டு மாசத்துக்கு முன்னாடியே போயிடுச்சு, தம்பி" என்றாள். வரவேற்பு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து மின் பெட்டிக் கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். "இப்ப இருக்கறது இந்த நாற்காலிதான்."

தன் இடத்தில் இப்போது இருக்கும் இன்ஸ்பெக்டருக்கு அங்கேயே போன் போட்டாள். வெளியூரில் இருந்தார், மதியத்துக்கு முன்னால் வர வழியில்லை. செயலாளர் தள்ளிப் போய் யார் யாரிடமோ பேசிவிட்டுத் தெளிந்த முகத்தோடு வந்தார். துணைவேந்தரே ஒரு வழி சொல்லியிருக்கிறாராம்: மெக்கானிக்கை லிஃப்ட்டுக்குள்ளேயே நிறுத்திவிடுவது. ஒவ்வொரு தடவையும் அவர் கையால் கதவைச் சாத்தி, பார்த்து, பிறகு பொத்தானை அழுத்துவார்.

"ஆள் போட்டுப் பாத்துக்கறோம்க்கா. இது நியாயம்தானே?"

நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் அவளைக் கலக்கியது. இதே வார்த்தையை அவள் இருபது வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்கிறாள். ஒரு ஓட்டல், திறப்பு விழா நெருக்கடி, இதே மாதிரி ஒரு வயர். ஆள் போட்டுப் பாத்துக்கறோம், நாலு நாள் கொடுங்க என்றார் ஒப்பந்தக்காரர். கை கூப்பினார், பெண் கல்யாணத்தைச் சொன்னார். அவள் வாய்வார்த்தையாக நாலு நாள் கொடுத்தாள். மூன்றாவது நாள், நிறுத்தி வைத்த ஆள் டீ குடிக்கப் போன நேரத்தில், துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்த ஒருவர் அழுக்குத் துணி வண்டியோடு ஏறினார். வலது கால் கணுக்காலுக்குக் கீழே போயிற்று. தொழிலாளியின் கவனக்குறைவு என்று விசாரணை முடிந்தது. அவள் கொடுத்த நாலு நாள் எந்தக் காகிதத்திலும் இல்லை, அதனால் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தாள். அந்த நாலு நாளைப் பற்றித் தெரியாத அந்த மனிதர், அவ்வளவு பெரிய அதிகாரி தன்னைப் பார்க்க வந்ததே பெரிது என்று நன்றி சொன்னார். கணவரைத் தவிர இது யாருக்கும் தெரியாது. பூட்டம்மா என்ற பெயரே அதற்குப் பிறகு வந்ததுதான்.

கணவர் இப்போது சுவரோரம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியாது" என்றாள் அவள்.

செயலாளரின் குரல் மாறியது. "விருது வாங்க வந்தீங்களா, விழாவை நிறுத்த வந்தீங்களா? பட்டியல்ல இருந்து பேரை எடுக்கச் சொல்லி மேல இருந்து வந்தா, அப்புறம் என் மேல வருத்தப்படக் கூடாது."

"எடுத்துக்குங்க. நான் படிக்கட்டுல ஏறி வந்து கைதட்டிட்டுப் போறேன். லிஃப்ட் ஓடாது."

சொல்லிவிட்டாளே தவிர, கண் படிக்கட்டுப் பக்கம் போயிற்று. சொந்தக்காரர்கள் பதினோரு பேர் படியேறிப் போய் மேலே உட்கார்ந்திருக்கிறார்கள். லிஃப்ட்டில் ஏறி இறங்குவதும் ஒரு உத்தியோகமா என்று முப்பது வருஷமாகக் கேலி பேசிய அண்ணன் முதல் வரிசையில் இருக்கிறார். அவர் வாய்க்கு இது அவலாகும்.

பஸ் வந்தது. தடியும் கண்ணாடியும் கழுத்துவலிப் பட்டையுமாக நாற்பது பேர் உள்ளே நுழைந்து, லிஃப்ட் ஓடவில்லை என்றதும் சந்தைக்கடை ஆனார்கள். யார் நிறுத்தியது என்று கேட்டதும் செயலாளர் கையை நீட்டிக் காட்டினார். இரண்டு கையிலும் தடி வைத்திருந்த பெரியவர் ஒருவர் நேராக அவளிடம் வந்தார்.

"நீதானா அது? நாலு மாடிக்கும் நீ என்னைத் தூக்கிட்டுப் போறியா?"

"தூக்க மாட்டேன் ஐயா. ஒண்ணு காட்டறேன், பாத்துட்டு அப்புறம் திட்டுங்க."

மேஜைக்கடியில் விருதுக் கேடயங்கள் வந்த பெட்டி காலியாகக் கிடந்தது. 'கவனமாகக் கையாளவும்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. மெக்கானிக்கை விட்டுக் கரண்டைப் போடச் சொல்லி, லிஃப்ட்டைத் தரை மட்டத்துக்குக் கொண்டுவந்தாள். எல்லோரையும் நாலடி தள்ளி நிற்க வைத்தாள். பெட்டியை வாசலில் குறுக்கே வைத்து, கையை நீட்டிப் பொத்தானை அழுத்திவிட்டுப் பின்னால் வந்தாள். கதவு ஆவென்று திறந்திருக்க லிஃப்ட் மேலே போனது. பெட்டி அதோடு எழும்பி, வாசலின் மேல்விளிம்பில் மாட்டி, நொறுநொறுவென்று மடங்கி, இரண்டாகக் கிழிந்து பாதி கீழே விழுந்தது. மெக்கானிக் மெயினை இறக்கினார்.

பெரியவர் ஒரு தடியால் கீழே விழுந்த பாதியைத் தள்ளிப் பார்த்தார்.

"இதுலயா எங்களை ஏத்தறதா இருந்தீங்க?" என்றார் பெரியவர், செயலாளரைப் பார்த்து. பிறகு அவளிடம், "நகரு" என்றார். அவள் திகைத்து நகர்ந்தாள். அந்த நாற்காலியில், மின் பெட்டிக்கு முதுகு கொடுத்து அவரே உட்கார்ந்து, இரண்டு தடியையும் குறுக்கே வைத்துக்கொண்டார். "ஐம்பது வருஷம் பொறுத்தாச்சு, இன்னும் ஒரு மணி நேரத்துல நாங்க சாகமாட்டோம். மேல சொல்லிடுங்க."

மெக்கானிக் கிழிந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரிடமும் கேட்காமல் பையைத் திறந்து கட்டரை எடுத்தார். இன்ஸ்பெக்டர் வரட்டுமே, இப்போது யார் எடுக்கச் சொன்னது என்று செயலாளர் தடுத்தார்.

"என் வீட்டுக்காரி இதே கட்டடத்துலதான் பெருக்கறா, சார்" என்றார் மெக்கானிக். "இன்னைக்குக் காலையில இதுலதான் மூணு தடவை ஏறி இறங்கியிருக்கா."

வயரை வெட்டி எடுத்தார். ஸ்விட்சில் ஒட்டியிருந்த வெள்ளிப் பெயின்டைக் கத்தி முனையால் சுரண்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மறுபடி பொருத்தினார். மற்ற தளங்களுக்கும் ஏறிப் போய் ஒவ்வொரு கதவின் ஸ்விட்சையும் பார்த்துவிட்டு வந்தார். அவள் டார்ச் பிடித்தாள். புது உடுப்பில் முழங்கை வரை வெள்ளிப் பெயின்ட். பெரியவர் சாய்ந்து வழிவிட, மெக்கானிக் மெயினைப் போட்டார். கீழே விழுந்த பாதிப் பெட்டியை வைத்து ஒவ்வொரு தளத்திலும் அழுத்திப் பார்த்தாள். லிஃப்ட் அசையவில்லை. கதவைச் சாத்தினாள், நகர்ந்தது. அதன் பிறகுதான் பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்தார். நாலு நாலு பேராக எல்லோரையும் ஏற்றி அனுப்பிவிட்டுக் கடைசியாக அவளும் கணவரும் மேலே போனார்கள். விழா ஒன்றேகால் மணி நேரம் தாமதம்.

பட்டியலிலிருந்து அவள் பெயரை யாரும் எடுத்திருக்கவில்லை. எடுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். காரணத்தைக் கண்ணால் பார்த்த நாற்பது பேர் அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவதாகக் கூப்பிட்டார்கள். ஒரு பேராசிரியர் பாராட்டுரையைக் கணீரென்று வாசித்தார். சில தொழில்நுட்பக் காரணங்களால் விழா தாமதமானதற்கு வருந்துகிறோம் என்று ஆரம்பித்து, "தன் பணிக்காலத்தில் ஒருமுறைகூட யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர்" என்று முடித்தார். கைதட்டல் எழுந்தது. துணைவேந்தர் கேடயத்தை நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை. ஏற்புரைக்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிஷம் என்று சொல்லியிருந்தார்கள். நேரே மைக்குக்குப் போனாள்.

"இப்ப வாசிச்சதுல ரெண்டு தப்பு இருக்கு" என்றாள். "முதல் தப்பு, தொழில்நுட்பக் காரணம்ங்கறது. லிஃப்ட் ஸ்விட்சுக்குப் பெயின்ட் அடிச்சுட்டாங்க. நேத்து சாயங்காலம் சங்கத்துல இருந்து சொல்லி அதுக்குப் பதிலா வயர் கட்டினாங்க. அது தெரிஞ்ச அப்புறமும் ஆள் போட்டு ஓட்டலாம்னு மேல இருந்து சொன்னாங்க. மெக்கானிக் இப்ப அதைச் சரி பண்ணிட்டார்."

மேடையின் மூலையில் மணி அடித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ரெண்டாவது தப்பு, நான் விட்டுக்கொடுக்காதவள்ங்கறது. ஒரு தடவை விட்டுக்கொடுத்தேன். நாலு நாள். துணி வெளுக்கற ஒருத்தருக்கு வலது கால் போச்சு. தப்பு அவரோடதுன்னு எழுதினாங்க, நான் வாயைத் திறக்கல. இருபது வருஷம் ஆச்சு. இதையும் அந்த உரையில சேத்து, சேத்ததை எனக்கு எழுத்துல அனுப்பி வைங்க."

மறுபடி மணி. முதல் வரிசையில் அண்ணன் வாயைத் திறந்தபடி இருந்தார். கணவர் தலை குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்று அவள் துணைவேந்தர் பக்கம் திரும்பினாள். "அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை இந்த லிஃப்ட்டைப் பாக்க வருவேன். வாசல்ல யாராவது தடுத்தா, படிக்கட்டுப் பக்கத்துல நாற்காலியை எங்க போடணும்னு எனக்குத் தெரியும்."

மூன்றாவது மணி அடித்து ஓய்ந்தது. அதற்குப் பிறகுதான், பெயின்ட் காயாத கையை நீட்டிக் கேடயத்தை வாங்கிக்கொண்டாள்.