சின்னம்மாவின் இரண்டாம் கலியாணம்

ஒரே மனிதனை இரண்டு தரம் கலியாணம் முடிப்பது சிறைக்குப் போகிற குற்றம் என்று நான் நம்பியிருந்தேன். குற்றவாளி என் சின்னம்மா. கண்கண்ட சாட்சி நான். எட்டு வயதில் இவ்வளவு பெரிய வழக்கைத் தலையில் சுமந்து திரிந்தவன் கல்முனையில் வேறு எவனும் இருந்திருக்க மாட்டான்.

எண்பதுகளின் தொடக்கம். அம்மாவின் தங்கைக்குப் பேசிய மாப்பிள்ளை மலைநாட்டில் ஆசிரியர். மனைவியின் ஊருக்கு இடமாற்றம் கேட்பதென்றால் அரசாங்கத்துக்கு முதலில் ஒரு மனைவியைக் காட்ட வேண்டுமே! ஆகவே சட்டப்படி பதியும் 'எழுத்து' முந்திக்கொண்டது. பதிவுகாரர் பெரிய புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார். இருவரும் கையெழுத்து வைத்தார்கள். எல்லோரும் பலகாரம் சாப்பிட்டோம். சட்டத்துக்கு அவர்கள் புருசன் பெண்சாதி. நாங்களோ கத்தோலிக்கர். பீடத்தின் முன்னால் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுக்கும்வரை எங்களுக்கு அது கலியாணமே இல்லை. சட்டப்படியான புருசன் தேத்தண்ணி குடிக்க வந்தால், அவருக்கும் சின்னம்மாவுக்கும் நடுவில் அம்மா கதிரையைப் போட்டு அமர்ந்துகொள்வார்.

இடமாற்றம் கிடைத்தது. கோயிலில் கலியாண ஓலையும் இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. இன்னார் மகனும் இன்னார் மகளும் மணமுடிக்கப் போகிறார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு ஊரறிய வாசிப்பதுதான் ஓலை. அந்த நேரம் பார்த்து, மாப்பிள்ளையை வளர்த்தெடுத்த அவருடைய அக்காவுக்கு மனம் மாறியது. வசதியான வேறொரு சம்பந்தம் வந்திருந்ததாம். எங்கள் முற்றத்தில் நின்றே சொன்னார்:

"எழுத்தெல்லாம் ஒரு கலியாணமா? சுவாமிமாரே இல்லயெண்டுதானே சொல்றாங்க. கோட்டில வழக்கு வச்சு எழுத்த வெட்டிப்போட்டா முடிஞ்சிது. மூண்டாவது ஓலையில எழும்பி நான் தடை சொல்லத்தான் போறன்."

அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு பங்குக் குருவான சுவாமியிடம் ஓடினார்.

"சுவாமி, சட்டம் எங்கட பிள்ளையக் கட்டி வச்சிருக்கு. கோயில் இன்னும் கட்டேல்ல. நடுவில நிண்டு அவ அழுறா."

"கையெழுத்து வச்சது விளையாட்டில்ல," என்றார் சுவாமி. "ஆனா கலியாணமெண்டா அது மாப்பிள்ளைட வாயால வரோணும். அவருக்காக நான் ஓம் சொல்லேலா."

"அவர் வாயத் திறந்தாத்தானே சுவாமி!"

அதுவும் உண்மைதான். அக்காவின் முன்னால் மாப்பிள்ளை வாய் திறந்தது சோறு தின்ன மட்டுந்தான்.

வீடே இந்தக் கவலையில் கிடக்க, எனக்கு வேறு கவலை. அதை ஏற்றிவிட்டவன் பக்கத்து வீட்டுக் கூட்டாளி, உடுக்கிற சாரம் விற்கிற முஸ்லிம் கடைக்காரரின் மகன்.

"எங்கட ஆக்களுக்கு நிக்காஹ் நடக்கக்குள்ளேயே பதிவுகாரர் பக்கத்தில இருந்து எழுதிருவார். ஒரே இருப்பில ரெண்டும் சரி. உங்கட சின்னம்மா ஒருக்கா முடிச்சிட்டாதானே, மறுகா என்னத்துக்குடா?"

"கோயில்ல முடிக்கணும்டா."

"அப்ப அது ரெண்டாவது கலியாணம்! உங்கட சட்டத்தில ரெண்டு முடிச்சா ஜெயில்டா. வாப்பா செல்லியிருக்கார்."

அன்றைக்கு இறால் குழம்பு. எனக்கு இறங்கவில்லை. தெரிந்த தடையை மறைப்பது பாவம் என்று மறைக்கல்வி வகுப்பில் வேறு படிப்பித்திருந்தார்கள். சொன்னால் சின்னம்மாவுக்கு ஜெயில். சொல்லாவிட்டால் எனக்கு நரகம். ஜெயிலில் என்றாலும் சோறு கொடுப்பார்கள் என்று யோசித்து, சின்னம்மாவைக் கைவிடுவதாக முடிவெடுத்தேன். வீரன்தான்.

மூன்றாம் ஞாயிறு. கோயில் நிறைந்திருந்தது. சுவாமி ஓலையை வாசித்து, "தடை தெரிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று முடித்தார். முன்வரிசை வாங்கில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழும்பப் பார்த்தார். நான் முந்திவிட்டேன்.

"சுவாமி! சின்னம்மா ஏற்கெனவே கலியாணம் முடிச்சவ!"

அம்மா என் காற்சட்டையைப் பிடித்து இழுத்தார். அது பாதி இறங்கியும் நான் அமரவில்லை.

"ஆரை முடிச்சவ மனே?" என்றார் சுவாமி.

"இந்தா, இவரைத்தான்! எங்கட வீட்டில வச்சு! நானும் பலகாரம் திண்டனான்!"

கோயில் வெடித்துச் சிரித்தது. சிரித்த அத்தனை முகமும் பிறகு என் விரல் காட்டிய பக்கம் திரும்பியது. மாப்பிள்ளை மெல்ல எழும்பினார். அக்கா அவர் கையைப் பிடித்தார். அவர் அதை விலக்கினார்.

"ஓம் சுவாமி. பொடியன் சொல்றது சரி. நான்தான் கையெழுத்து வச்சனான். இனி இஞ்ச, உங்களுக்கு முன்னாலயும் அவவத்தான் முடிப்பன்."

பெண்கள் பக்கத்தில் யாரோ கை தட்டினார்கள். பூசை நேரத்தில் கை தட்டக் கூடாதென்று சுவாமி சொல்லவில்லை. சின்னம்மா ஓடிவந்து என்னைத் தூக்கினார். ஜெயிலுக்குப் போகிறவர் ஏன் இப்படிச் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கலியாணத்தைத் தடுக்கப் போனவனை ஊர் ஏன் தூக்கிவைத்துக் கொண்டாடியது என்பதும் நெடுநாள் விளங்கவில்லை.

மாப்பிள்ளை எனக்குச் சித்தப்பாவாகி வெகு காலத்துக்குப் பிறகு அவரே சொன்னார். அன்றைக்கு அக்கா தடை சொல்லி முடித்ததும், எழும்பி "ஓம், எனக்கும் விருப்பமில்லை" என்று சொல்வதற்காகத்தான் அவர் கோயிலுக்கு வந்திருந்தார்.