ஆறாவது குழி

எங்கள் கம்பெனியில் மீன் வலைக்கான பிளாஸ்டிக் மிதவைகள் செய்கிறோம். ஒரே அச்சில் எட்டுக் குழிகள். உருகிய பிளாஸ்டிக் உள்ளே போகும்போது எந்தக் குழியில் அழுத்தம் குறைந்தாலும், அதில் வார்த்த மிதவை கடலில் தண்ணீர் குடித்துவிடும். அந்த அழுத்தத்தைத் திரையில் பார்ப்பதுதான் என் வேலை. ஆனால் முதல் குழியில் மட்டும்தான் சென்சார் இருந்தது.

"மத்த ஏழுக்கும் வேண்டாமா சார்?" என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்மா," என்றார்.

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அந்த நம்பிக்கையில், "எங்க மிதவையவே புது வலைக்குக் கட்டுங்க" என்று என் வீட்டுக்காரரிடம் நான்தான் சொன்னேன்.

முதல் தடவை கடலில் வலை போட்டபோதே மிதவைகள் அமிழ்ந்து, வலை கடலடிப் பாறையில் சிக்கிக் கிழிந்துபோனது. தண்ணீர் குடித்த மிதவைகளை வீட்டுக்காரர் சாக்கிலிருந்து என் முன்னால் கொட்டினார். ஒவ்வொரு மிதவையிலும் அதை வார்த்த குழியின் எண் பதிந்திருக்கும். எதைத் திருப்பினாலும் ஆறு.

"ஏளா, நீ பாத்து அனுப்புற சாமான்ல குத்தம் இருக்காது. நான்தான் கயித்த ரொம்ப இறுக்கி விரிசல் விட வச்சிட்டேன் போல," என்றார்.

மிதவைகளை ஒவ்வொன்றாக மறுபடி சாக்கில் அள்ளிப் போட்டேன்.

மறுநாளும் திரையில் முதல் குழியின் அழுத்தக் கோடு பச்சையாகவே ஓடியது. எட்டுக் குழியும் ஒரே பானை இல்லை என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். "பாக்கலாம்மா," என்றார். இன்னும் பார்க்கவில்லை.

வீட்டில் நானும் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. கிழிந்த வலையைத் தைத்துவிட்டு, மீதி மிதவைகளை அவர் மறுபடி கட்டுகிறார். ஒவ்வொரு முடிச்சையும் பயந்து பயந்து, தளர்த்தியே போடுகிறார்.