கோட்டக்காவும் சர்ஜன் மீனும்

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கோட்டக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அறுவைக் கருவிகளைக் கழுவும் அறையின் தரையில் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு ஓடும். கோட்டுக்கு இந்தப் பக்கம் ரத்தம் காய்ந்த கத்தியும் கத்தரியும் இடுக்கியும் தட்டுத் தட்டாக வந்து இறங்கும். அந்தப் பக்கம் அவை கழுவப்பட்டு, நீராவிப் பெட்டியில் வெந்து, துணியில் சுற்றப்பட்டு அடுத்த நோயாளிக்காகக் காத்திருக்கும். இந்தப் பக்கத்துச் செருப்பு, கையுறை, துடைப்பம் எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது. அதைக் காப்பதுதான் அவள் வேலை.

ஒரு முறை வார்டு ஆள் ஒருவன் தட்டை எட்டி வைக்கிற அவசரத்தில் கோட்டைத் தாண்டிவிட்டான்.

“ஒத்தக் கால்தானேக்கா வச்சேன்?”

“அந்த ஒத்தக் கால் உனக்கு வீட்டுக்குப் போக வேணுமா, வேணாமா?”

அவன் காலை இழுத்துக்கொண்டான். அவள் அந்த இடத்தை மருந்து போட்டு மூன்று தடவை துடைத்தாள். துடைத்து முடிக்கும்வரை அவன் குடும்பத்தில் ஒருவரையும் திட்டாமல் விடவில்லை. கருவி சுத்தமாக இருந்தால் யாரும் வந்து நன்றி சொல்லப் போவதில்லை. அழுக்காக இருந்தால், எங்கோ ஒரு படுக்கையில் ஒருவருக்குப் புண் சீழ் பிடிக்கும். எதனால் என்று கடைசிவரை தெரியாது. யாரும் பார்க்காத வேலை என்பதால் அதைக் கோபத்தைக் கொண்டுதான் காக்க முடியும் என்று அவள் நம்பினாள்.

வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கம்ப்ரசரின் மேல் காதை வைத்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். பெண்டாட்டி எதற்குக் கத்துகிறாள் என்பது மட்டும் எத்தனை காது வைத்தாலும் அவருக்குப் பிடிபடாது. இழுத்து மூடிய ஒரு ஓட்டலுக்குக் குளிர்பெட்டியைக் கழற்றப் போனவர், அங்கே சாக்கடையில் கொட்ட இருந்த கடல்நீர்த் தொட்டியையும் அதற்குள் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்த மஞ்சள் மீனையும் பார்த்துவிட்டார். பாறை, மணல், மீன் எல்லாம் வாளிகளில் வீட்டுக்கு வந்தன.

“கடல் தண்ணியா? குழாய்த் தண்ணிக்கே மூணாவது மாடி வரைக்கும் வர மூச்சு வாங்குது. நீங்க கடலையே தூக்கிட்டு வந்திருக்கீங்க?” என்று அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மீன் உள்ளங்கை அகலம் இருக்கும். தட்டையான உடம்பு, கூரான வாய். வாலுக்குப் பக்கத்தில் மடக்கி வைத்த வெள்ளைக் கத்தி போல ஒரு முள். அதனால்தான் அதைச் சர்ஜன் மீன் என்கிறார்கள் என்று வளர்ப்பு மீன் விற்கிற கடைக்காரர் சொன்னார்.

“அங்க நாலு சர்ஜன்கிட்ட திட்டு வாங்குறது பத்தாதுன்னு இங்க ஒண்ணா?” என்றாள். ஆனால் அந்த மாதமே தொட்டி அவள் நிர்வாகத்துக்கு வந்துவிட்டது. உப்பளவு, சூடு, பாசி எல்லாவற்றையும் கடைக்காரரைத் துளைத்தும், தானே தப்புச் செய்தும், புத்தகத்தைப் புரட்டியும் கற்றுக்கொண்டாள். வருஷக்கணக்காக அவள் வேலை முடிந்து வந்ததும் கைப்பையைக் கூடக் கீழே வைக்காமல் முதலில் தொட்டி முன்னால் போய் நிற்பாள். சர்ஜன் கண்ணாடியை ஒட்டி வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அன்றைக்கு யார் யார் எப்படியெல்லாம் ஊசியைத் தட்டிலேயே விட்டுவிட்டு அனுப்பினார்கள் என்பதையெல்லாம் அதனிடம் சொல்வாள். பதில் பேசாமல் கேட்கிற ஒரே சர்ஜன்.

தொட்டிக்கும் ஒரு சட்டம் போட்டிருந்தாள். புதிதாக எந்த மீன் வந்தாலும் குளியலறை ஓரத்துச் சின்னத் தொட்டியில் ஒரு மாதத்துக்கு மேல் தனியே கிடக்க வேண்டும். நோயில்லை என்று தெரிந்த பிறகே பெரிய தொட்டிக்குள் அனுமதி.

சக ஊழியை ஒருத்தி விடுப்பில் போனதால் கோட்டக்கா இரண்டு பேர் வேலையைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் வீட்டுக்காரர் அந்தக் காரியத்தைச் செய்தார். அவள் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது சர்ஜனுக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில், வெள்ளைப் பட்டை போட்ட ஒரு குட்டி மீன் ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது.

“இது எப்ப வந்துச்சு?”

“மத்தியானம். எப்பிடி இருக்கு?”

“சின்னத் தொட்டியில ஏன் விடல?”

“கடைக்காரரு ரெண்டு மாசமா தன்கிட்டதான் இருக்குன்னாரு. சர்ஜன் தனியா இருக்கானேன்னு... நீயும் களைச்சுப் போய் வருவியே, பாத்தா சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன்.”

“சந்தோஷமா? வியாதியக் காசு குடுத்து வாங்கிட்டு வந்து, வால் ஆட்டி வரவேற்கச் சொல்றீங்களா? என் தொழில் என்னன்னு தெரியும்ல? ஊருக்கே கோடு கிழிக்கிறவ வீட்டுல கோட்ட அழிச்சிட்டீங்களே!”

அதோடு அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். அவள் கத்தும்போது கூட அவர் இவ்வளவு பயந்ததில்லை.

ஒரு வாரம் போவதற்குள் சர்ஜனின் துடுப்பில் உப்புக் கல் தூவினது போல வெள்ளைப் புள்ளிகள் வந்தன. பிறகு உடம்பெல்லாம். பாறையில் உரசிக்கொண்டது. செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது. அதற்குப் பிடித்த கடற்பாசித் தாளைச் சொருகி வைத்தால் பக்கத்தில் கூட வரவில்லை. புது மீனோ ஒரு புள்ளி கூட இல்லாமல் குத்துக்கல் மாதிரி இருந்தது.

மீன்கடைக்காரர் ஒரு புட்டியை நீட்டினார். “காப்பர் மருந்து. தொட்டியில ஊத்துங்க, போயிடும்.”

“ஊத்துனா உள்ள இருக்குற எறா, நத்தை எல்லாம் செத்துப் போகுமே, அண்ணே?”

“அது போனா போகுது, வேற வாங்கிக்கலாம்.”

“நீங்க விக்கிறதுக்கு அதுங்க சாகணுமா? ரெண்டு மாசமா உங்ககிட்ட இருந்துச்சுன்னு சொன்னீங்களே, அந்த வாயால வேற ஏதாவது மருந்து சொல்லுங்க.”

அவர் புட்டியை மறுபடி அடுக்கில் வைத்துவிட்டு, மருந்தில்லாத ஒரு வழி உண்டு, ஆனால் இடுப்பு ஒடிந்துவிடும் என்றார். வழி இதுதான். மீனைத் தின்கிற கிருமி முற்றியதும் உதிர்ந்து தரையில் விழும். அங்கே கூடு கட்டும், மூன்று நாள் கழித்துப் பொரிந்து நூற்றுக்கணக்கில் கிளம்பி மறுபடி மீனைத் தேடும். அது பொரிவதற்கு முன்னால் மீனைப் புதுத் தண்ணீருக்கு மாற்றிவிட வேண்டும். பழைய தொட்டியைக் கழுவிச் சொட்டு ஈரமில்லாமல் காய வைக்க வேண்டும். இப்படி மாற்றி மாற்றி நாலு தடவை. பெரிய தொட்டியில் அதுவரையும் அதற்குப் பிறகும் பல வாரம் மீனே இருக்கக் கூடாது. கிருமி பட்டினியில் சாகட்டும். ஒன்றின் ஈரம் ஒரு சொட்டுக் கூட மற்றதில் படக் கூடாது.

“இது எங்க ரூம் வேலைதானே” என்றாள் கோட்டக்கா. கோபத்திலும் அவளுக்கு ஒரு தெம்பு வந்தது.

கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவே சிவப்பு டேப்பை ஒட்டினாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள். சர்ஜன் ஒன்றில், அதிலேயே ஒரு காய்கறிக் கூடையைக் கவிழ்த்து ஆரஞ்சு மீனுக்குத் தனி அறை. வலை, குவளை, துண்டு எல்லாம் இரண்டு இரண்டு. உப்புத் தண்ணீர் கலந்து சூடு பார்ப்பது வீட்டுக்காரர் பொறுப்பு; அதில் அவர் கெட்டிக்காரர். ஆனால் அவருக்கான உத்தரவெல்லாம் மீன் வழியாகத்தான் போனது.

“சர்ஜன், தண்ணி இன்னும் கொஞ்சம் சூடா இருக்கணும்னு அந்த ஆளுகிட்ட சொல்லு.”

“சர்ஜன், சரின்னு சொல்லு” என்பார் அவர்.

“வியாதி புடிச்சவன் தூது போறான், வியாதி வாங்கிட்டு வந்தவரு நல்லா இருக்காரு, அதையும் சொல்லு.”

இரண்டாவது மாற்றத்தன்று அவள் பெரிய தொட்டியில் முழங்கை வரை கையை விட்டுப் பாசி சுரண்டிக்கொண்டிருந்தாள். தற்செயலாகத் திரும்பினால், பின்னறையில் அவர் புதுத் தண்ணீருக்குள் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டிருந்தார். பெரிய தொட்டியில் கிடக்கிற அதே மாதிரி. அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஓடினாள். கோட்டைத் தாண்டினாள். தொட்டிக்குள் கையை விட்டு அதைப் பிடுங்கி வெளியே எறிந்தாள்.

“எத்தன தடவ சொல்றது? அந்தத் தொட்டிப் பொருள இதுல போடாதீங்கன்னு!”

அவர் அவள் கையைப் பார்த்தார். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தார்.

“ஒரு வார்த்த பேசினீங்கன்னா உங்களையும் இதுல போட்டு மூடிருவேன்.”

மூடிக்கொண்டார். அந்த வெப்பமானி அன்று காலையில் வாங்கியது. அதன் அட்டை அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

நாலு மாற்றமும் முடிந்தன. சர்ஜன் உடம்பில் புள்ளி குறைந்திருந்தது. அவள் பாசித் தாளைக் கிழித்துக் கிழித்து நீட்டினாள். முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அதுவே பெரிய முன்னேற்றம் என்று நினைத்திருந்த நேரத்தில், ஒரு காலை புள்ளிகள் முன்னை விட அடர்த்தியாகத் திரும்ப வந்திருந்தன. துடுப்பு நார் நாராகக் கிழிந்திருந்தது. ஒரு கண்ணில் பால் ஊற்றினது போலப் படலம். மூலையில் சாய்ந்து கிடந்தது.

தூதுவன் அந்த நிலையில் இருந்ததால் அவள் நேராகவே பேசினாள்.

“என்ன பண்ணீங்க? உண்மையச் சொல்லுங்க. கோட்டத் தாண்டி எத கொண்டு போனீங்க? ஒரு உயிரு, ஒரே ஒரு உயிரக் காப்பாத்த முடியலையா உங்களால?”

 அவர் சட்டைப் பையிலிருந்து மடங்கிப்போன அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

“அந்த தெர்மாமீட்டர் புதுசு. உன் கைதான் ஈரம்.”

“எந்தக் கை?”

“பெரிய தொட்டியில வேலை பாத்துட்டு இருந்தியே, அந்தக் கை. அப்படியே வந்து இதுல விட்ட.”

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். பிறகு டேப்பைப் பார்த்தாள். அந்த ஓட்டம் நினைவுக்கு வந்தது; தரையில் சொட்டியதும் கூட.

“பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“பாத்துட்டு சும்மா இருந்தீங்களா? பயந்துகிட்டு ஒரு வாயில்லா ஜீவன சாக விட்டீங்களா? அன்னைக்கே சொல்லிருந்தா தண்ணியக் கொட்டிட்டு வேற மாத்திருக்கலாமே! நான் கத்துனா என்ன, கூரையா விழுந்துரும்?”

“உனக்கு என்ன தெரியும்? கத்துற ஆளுக்குக் கூரை விழுறது தெரியாது” என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் குரல் அவ்வளவு உயர்ந்ததில்லை. “நான் பண்ணது தப்பு. வாங்கிட்டு வந்தது தப்பு. அதுக்காக நீ பண்ணத கூட நான் பாக்கக் கூடாதா? வாயத் தொறந்தா மூடுங்கற. மூடுனா ஏன் மூடினன்னு கேக்குற. தொட்டிக்கு ரெண்டு வலை வச்சிருக்க. எனக்கு ஒரு வாய் கூட வைக்க மாட்டியா?”

கீழ்வீட்டு ஜன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

அவள் வேலைக்குப் போனாள். கழுவும் அறையில் தட்டுகள் வந்துகொண்டிருந்தன. எதிரே வேலை செய்கிற பெண் தலை நிமிராமல் இடுக்கிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான். கோட்டக்கா பக்கம் பார்க்கவே மாட்டாள். அதைக் கோட்டக்கா மரியாதை என்று நினைத்திருந்தாள். இவள் எதையெல்லாம் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தாளோ என்று கோட்டக்காவுக்கு முதல் முறையாகத் தோன்றியது. அந்த நினைப்பும் கோபமாகத்தான் வந்தது. ஆனால் யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

“ஏம்மா, நான் எப்பவாவது தப்பா கோட்டத் தாண்டிருக்கேனா?”

அந்தப் பெண் இடுக்கியைக் கீழே வைத்தாள். “சொன்னா திட்ட மாட்டீங்களே?”

“திட்டுவேன். நீ சொல்லு.”

“மூக்குக் கண்ணாடி, அக்கா. நழுவுனா அழுக்குக் கையுறையாலயே தள்ளிக்குவீங்க. அப்புறம் அந்தப் பக்கம் போய் அதே கண்ணாடியக் கழட்டித் தொடைப்பீங்க.”

கோட்டக்கா திட்டினாள். எவ்வளவு நாளாக என்று கேட்டுத் திட்டினாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கழுவி, ஒரு நாடாவால் தலையோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

வீட்டில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கின. புதுத் தண்ணீர், முதல் மாற்றம். இந்த முறை வீட்டுக்காரர் கோட்டின் மேல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவள் தாண்ட வரும்போதெல்லாம் “கை?” என்பார். இரண்டு கையையும் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கிறது என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இப்பத்தான கழுவினேன்!”

“முழங்கை.”

“தொடச்சாச்சு.”

“காட்டு.”

“அதிகாரத்தப் பாரு. ஓனர் மாதிரி உக்காந்திருக்கீங்க.”

“காட்டிட்டுத் திட்டு.”

பல்லைக் கடித்துக்கொண்டு காட்டினாள். ஒரு நாள் விரலிடுக்கில் ஈரம் இருந்தது. அவர் குளியலறைப் பக்கம் விரலை நீட்டினார். அவள் அவரையும், அவர் வம்சத்தையும், அந்த ஆரஞ்சு மீனையும் வைதுகொண்டே போய்த் துடைத்துவிட்டு வந்தாள்.

சர்ஜன் முதலில் படுத்தே கிடந்தது. பிறகு நிமிர்ந்தது. புள்ளிகள் உதிர்ந்தன, திரும்ப வரவில்லை. கண் படலம் மெல்ல விலகியது. கிழிந்த துடுப்பு ஓரத்தில் கண்ணாடி போலப் புதுத் தோல் முளைத்தது. ஒரு மாலை பாசித் தாளின் ஓரத்தை ஒரு கடி கடித்துவிட்டு, துப்பிவிட்டு, மறுபடி கடித்தது. இருவரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “மெதுவாத் தின்னு, எவனும் புடுங்கப் போறதில்ல” என்றாள். உடனே அவர் பக்கம் திரும்பி, “ஏர் பம்பு சத்தம் ஏன் இப்படிக் கேக்குது, என்ன மெக்கானிக் நீங்க?” என்றாள்.

பெரிய தொட்டி பட்டினி கிடந்து முடிந்த பிறகு, சர்ஜனை அதில் திரும்ப விடும் நாள் வந்தது. வலையில் துடுப்பு சிக்கக் கூடாது என்று அவள் ஒரு குவளையில் அள்ளப் போனாள். சர்ஜன் பின்வாங்கியது, உடம்பைச் சாய்த்தது, வாலை ஒரு வீசு வீசியது. உள்ளங்கையில் நேர்கோடாகக் கீறல். ரத்தம் தண்ணீரில் புகை போலக் கலந்தது.

“நன்றி கெட்ட நாயே! உனக்காக இடுப்ப ஒடிச்சுக்கிட்டேன், எனக்கே ஆபரேஷன் பண்றியா?” அவள் போட்ட சத்தம் தெரு வரை கேட்டிருக்கும். மீன் மறுபடி வாலை உயர்த்தி நின்றது. ஓட்டலிலிருந்து வந்த புதிதில் நின்றது போல, யாரையும் அண்ட விடாமல்.

வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து வாயைத் திறந்தார். அவர் கேட்பதற்கு முன்னால் அவள் ரத்தம் வழிகிற கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“கை! பாருங்க! நல்லா பாருங்க, அவன் எப்படிக் கிழிச்சிருக்கான்னு!”